கணினிக்குள் சௌகார்பேட்டை எப்படி இருக்கிறது?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் மொத்த ஜவுளிக் கடை ஒன்று இருக்கிறது. அவர்களுடைய வாடிக்கையாளர் நோட்டைப் பார்த்து ஒரு சின்ன இணையச் செயலி செய்து கொடுத்தேன். கடைப் பெயர், தெரு, ஏரியா, போன் நம்பர், பாக்கி எவ்வளவு என்று எல்லாமே தமிழில். தேடும் பெட்டியில் ஏரியா பெயரை அடித்தால் அந்த ஏரியா கடைகள் மட்டும் வரிசையாக வர வேண்டும். வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புகிற பையனுக்கு அதுதான் முக்கியம்.

இரண்டு வாரம் கழித்து, அங்கே கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, சௌகார்பேட்டையில நமக்கு நாப்பது கடைக்கு மேல இருக்கு. நீங்க பண்ணதுல பையன் தேடினா ஒம்பது கடைதான் காட்டுது. மீதி எல்லாம் எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. பட்டியலைக் கையால் உருட்டிப் பார்த்தால் எல்லாக் கடையும் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் சௌகார்பேட்டை என்று எழுதியும் இருக்கிறது. தேடினால் மட்டும் வரவில்லை. கொருக்குப்பேட்டையிலும் இதே கதை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கொருக்குப்பேட்டையில் ஒன்று வருகிறது, இன்னொன்று வரவில்லை.

தமிழில் வலைத்தளம் செய்யும் எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும். ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது, ஏனென்றால் அந்த மொழியில் இந்தச் சிக்கல் வருவதே அபூர்வம். அதனால் நம் ஏரியா பெயர்களை வைத்தே, தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுத்து என்பது உள்ளே ஒரு எண்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட பட்டியல்தான் யூனிகோடு. தமிழில் ஒருங்குறி என்கிறோம். 1991இல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நமக்கு 247 எழுத்தாச்சே, 128 இடத்தில் எப்படி அடங்கும்? எல்லா உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கவில்லை, அதனால் அடங்குகிறது. அகரமேறிய மெய்களுக்கு எண் உண்டு: க என்றால் 2965, த என்றால் 2980, ம என்றால் 2990. அப்புறம் துணைக்கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி எண். மி என்று எழுத ம-வின் 2990ஐப் போட்டு, பக்கத்தில் இகரக் கொக்கியின் 3007ஐப் போட வேண்டும். திரையில் அவை இரண்டும் சேர்ந்து மி என்று தெரிவது எழுத்துருவின், அதாவது ஃபான்ட்டின் வேலை.

பள்ளியில் படித்த இலக்கணத்துக்கு இது தலைகீழ் என்பதைக் கவனியுங்கள். நாம் படித்தது க் + அ = க. யூனிகோடில் க என்பது ஒரே எண். அதோடு புள்ளியின் 3021ஐச் சேர்த்தால்தான் க் வரும். மெய்யெழுத்து இரண்டு எண், அகரமேறிய உயிர்மெய் ஒரே எண். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக முன்பே வகுத்திருந்த இஸ்கி என்ற முறையைப் பின்பற்றியதால் இப்படி ஆயிற்று. தமிழுக்கு இது பொருந்தவில்லை என்று பலர் வாதாடினார்கள், அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழக அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. ஆனால் இணையம் ஓடுவது யூனிகோடில். வலைத்தளம் செய்கிறவர் இதோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

சும்மா படிக்காமல் ஒரு முறை செய்து பாருங்கள். கணினியில் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ திறந்து எஃப்-12 பொத்தானை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் வரும். அதில் கன்சோல் என்ற பகுதிக்குப் போய், மேற்கோள் குறிக்குள் தமிழ் என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து லெங்த் என்று ஆங்கிலத்தில் எழுதி என்டர் தட்டுங்கள். 5 என்று வரும். த, ம, கொக்கி, ழ, புள்ளி. நாம் எண்ணினால் மூன்று எழுத்து, உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் ஐந்து. எண்ணூர் நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. சௌகார்பேட்டை நமக்கு ஆறு, அதற்குப் பன்னிரண்டு.

இந்த 12தான் என்னைக் காப்பாற்றியது. தேடலில் வராத சௌகார்பேட்டை ஒன்றைப் பட்டியலிலிருந்து காப்பி செய்து அதே கன்சோலில் ஒட்டினேன். 13 வந்தது.

ஒரு எண் எங்கிருந்து கூடியது?

சௌ என்ற எழுத்து சரியாக இருந்தால் உள்ளே இரண்டு எண்தான்: ச, அப்புறம் ஔகாரக் குறியான 3020. அந்த ஒரே குறிதான் திரையில் இடப்பக்கம் ஒற்றைக் கொம்பாகவும் வலப்பக்கம் ள மாதிரி ஒரு வடிவமாகவும் பிரிந்து நிற்கிறது. அக்கா அடித்ததில் மூன்று எண் இருந்தது: ச, எகரக் கொம்பு 3014, பிறகு நிஜமான ளகரம் 2995. அதாவது அவர் அடித்தது "செள". செ, ள. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கூடத் தெரியாது. இந்தக் கட்டுரையையே நீங்கள் படிக்கும் போனில் சௌ, செள இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம்.

அக்காமேல் தவறு சொல்ல எனக்கு மனமில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர் அவர். விரல்கள் பறக்கும். அந்த மெஷினில் ஔகாரத்துக்கென்று தனிச் சாவி கிடையாது. கொம்பை அடி, ச அடி, ள அடி. காகிதத்தில் சௌ வந்துவிடும், யாரும் குறை சொல்ல முடியாது. காகிதத்துக்கு வடிவம் போதும். அதே பழக்கத்தோடு கணினிக்கு வந்தால் வடிவம் வந்துவிடுகிறது, எழுத்து மாறிவிடுகிறது.

டைப்ரைட்டரிலும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களிலும் கண் பார்க்கும் வரிசையில்தான் அடிக்க வேண்டும். கெ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. கையால் எழுதும்போதும் அப்படித்தான். யூனிகோடு வாய் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் க, அதன் பின்னால்தான் கொம்பு, திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் சரி. பழைய பாமினிக் கோப்பை யூனிகோடாக மாற்றும் கருவிகள் எழுத்தை மாற்றுவதோடு வரிசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அதில் தடுக்கினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். திருமணப் பத்திரிகைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

ஔவையார் கதையும் இதேதான். ஔ என்பது 2964 என்ற ஒரே எண். ஒ போட்டு ள போட்டால் "ஒளவையார்" என்று வரும். கண்ணுக்கு அதே பாட்டிதான். தேடலுக்கு வேறு ஆள்.

கொருக்குப்பேட்டையின் சிக்கல் வேறு

கொருக்குப்பேட்டையில் அக்கா எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம், இரண்டுமே சரி. க-வுக்குப் பின்னால் ஒகரக் குறி 3018 என்று ஒரே எண்ணாகப் போடலாம். அல்லது கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் போடலாம். பெரும்பாலான விசைப்பலகைகள் முதல் விதமாகத்தான் தரும். சில பழைய டைப்ரைட்டர் முறை மென்பொருள்களும் சில மாற்றிக் கருவிகளும் இரண்டாவது விதமாகத் தந்துவிடும். கொருக்குப்பேட்டை முதல் விதத்தில் 16 எண், இரண்டாவது விதத்தில் 17. கொடுங்கையூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்குப் பக்கத்தில் எந்தத் தோப்புத் தெரு என்றாலும் இதே அபாயம்தான்.

இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது. நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. அதில் என்.எஃப்.சி. என்ற வகை, பிரிந்து கிடக்கும் கொம்பையும் துணைக்காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக ஆக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரு சொல்லில் முடிகிற வேலை. பைத்தான், பி.எச்.பி., ஜாவா எல்லாவற்றிலும் இதற்கு வசதி உண்டு. பயனர் எதை உள்ளிட்டாலும் சேமிக்கும் முன் ஒரு தடவை இதைச் செய்துவிடுங்கள். தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். ஒரு வரி சேர்த்தேன், ஏற்கெனவே சேமித்திருந்த பட்டியலையும் ஒரு முறை ஓட்டி எடுத்தேன், கொருக்குப்பேட்டை ஒழுங்காகிவிட்டது.

சௌகார்பேட்டை இதற்கு மசியவில்லை. ஏனென்றால் செள என்பதில் இருக்கும் ள, யூனிகோடின் பார்வையில் முழுமையான, மரியாதையுள்ள ஒரு ளகரம். அதைத் தொட அதற்கு உரிமை கிடையாது.

நாமே தொடலாமா? முதலில் எனக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. கொம்புக்குப் பின்னால் ள வந்து, அந்த ள-வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாமல் வெறுமனே நின்றால் அது ஔகாரமாகத்தான் இருக்க வேண்டும். தெளிவு என்பதில் ள-வுக்குக் கொக்கி இருக்கிறது, தப்பித்துவிடும். வெள்ளம் என்பதில் புள்ளி இருக்கிறது. காசிமேட்டுக் கெளுத்தி மீனுக்கு உகரம் இருக்கிறது. கெளரவம் மட்டும் மாட்டும், கௌரவமாக மாறும். அருமையான விதி என்று நினைத்துக்கொண்டே கடையின் குறிப்புப் பகுதியைப் பார்த்தேன். அங்கே அக்கா எழுதியிருந்தார்: "வண்டி கெளம்பிடுச்சு".

என் விதி ஓடியிருந்தால் அது கௌம்பிடுச்சு ஆகியிருக்கும். வெளக்கு வௌக்கு ஆகும். ஒளறாதே என்று யாராவது எழுதினால் ஔறாதே ஆகும். நாம் வாயால் பேசுவதை அப்படியே எழுதுகிற மக்கள். எழுத்துத் தமிழை மட்டும் மனதில் வைத்துப் போட்ட விதி வாட்ஸ்அப் தமிழில் உடைந்துவிடும்.

அப்போதுதான் வழி புரிந்தது. எது சரி என்று கணினியை முடிவு செய்யச் சொல்லக் கூடாது. திருத்துவதை விட்டுவிட்டு, தேடலுக்கு மட்டும் ஒரு மறைவான நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நகலில் எதிர்த்திசையில் போகலாம்: ஔகாரக் குறி எங்கே வந்தாலும் அதைக் கொம்பு, ள என்று பிரித்துவிடு. ஔ வந்தால் ஒ, ள என்று ஆக்கு. இதில் குழப்பத்துக்கே இடமில்லை, எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்கிறது. சௌகார்பேட்டை என்று ஒருவர் தேடினாலும் செளகார்பேட்டை என்று ஒருவர் தேடினாலும் தேடும் சொல்லையும் இதே மாதிரி பிரித்துவிட்டு நகலோடு ஒப்பிட்டால் பொருந்திவிடும். கெளம்பிடுச்சு அப்படியே இருக்கும். திரையில் காட்டுவது எப்போதும் அவர்கள் எழுதிய அசல். பெரிய தேடுபொறிகளும் இப்படித்தான், வாசகருக்கு ஒரு வடிவம், ஒப்பிடுவதற்கு இன்னொரு வடிவம் என்று வைத்துக்கொள்கின்றன.

அந்த நகலிலேயே ஸ்ரீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர்களில் பாதி ஸ்ரீயில்தான் ஆரம்பிக்கிறது. ஸ, புள்ளி, ர, ஈகாரக் கொக்கி என்று அடித்தாலும் ஸ்ரீ. 2005இல் யூனிகோடில் சேர்த்த 2998 என்ற ஶகரத்தை வைத்து அடித்தாலும் ஶ்ரீ. பார்க்க இரண்டும் ஒன்று, எண்கள் வேறு. என்.எஃப்.சி. இதையும் இணைக்காது.

திரையில் குப்பை தெரிந்தால்

தமிழ் சரியாகத் தெரியாத பக்கத்தைப் பார்த்ததும் "ஃபான்ட் இல்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ஒவ்வொரு விதக் குப்பைக்கும் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வயிற்றுவலி என்று போனால் எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்பதில்லையா, அப்படிக் கேட்டுப் பழக வேண்டும்.

காலிக் கட்டங்களாகத் தெரிந்தால் அதுதான் நிஜமாகவே எழுத்துரு இல்லாத நிலை. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் இது சாதாரணம். அந்தக் கட்டங்களை டோஃபு என்பார்கள். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயர் வைத்ததற்குக் காரணமே இனி டோஃபு வேண்டாம் என்பதுதான்.

ரோமன் எழுத்துகள், தலையில் கோடு போட்டவை, வட்டத்துக்குள் இருக்கும் பதிவுக் குறி என்று ஒரு கூட்டம் வந்தால் விஷயம் வேறு. இங்கேதான் யு.டி.எஃப்-8 வருகிறது. யூனிகோடு எண்ணைக் கோப்பில் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான சின்ன எண்களாக எழுதும் முறை அது. 1992இல் நியூ ஜெர்சியில் ஒரு உணவகத்தில், ராப் பைக்கோடு உட்கார்ந்திருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்ப்சன் என்ற கணினி வல்லுநர் இதை வடிவமைத்தார். ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் முடிந்துவிடும், தமிழ் எழுத்துக்கு எண் ஒன்றுக்கு மூன்று பைட்டு. த என்பது 224, 174, 164. தமிழ் என்ற சொல் மொத்தம் 15 பைட்டு. இந்த மூன்று மூன்றான பைட்டுகளை ஒன்றொன்றாகப் பிரித்து பழைய மேற்கத்திய எழுத்துமுறையில் படித்தால் அந்தக் குப்பை வரும். நம் எழுத்துகள் எல்லாமே 224இல் தொடங்குவதால் ஒரே ரோமன் எழுத்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்ததும் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது, படிக்கிற முறைதான் தப்பு என்று தெரிந்துகொள்ளலாம். எச்.டி.எம்.எல். பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், இது யு.டி.எஃப்-8 என்று மெட்டா வரி எழுதினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் மனசு கனத்துப் போகும். தமிழை ஏற்காத ஒரு தரவுத்தளத்தில் சேமித்தபோது, தெரியாத எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது என்று அர்த்தம். அசல் போய்விட்டது, எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. மை எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் இயல்பாக இருந்த எழுத்துமுறை தமிழை ஏற்காது. அதோடு அதில் யு.டி.எஃப்-8 என்ற பெயரில் இருந்தது எழுத்துக்கு மூன்று பைட்டு வரைதான் ஏற்கும். தமிழ் அதில் அடங்கும், பக்கத்தில் ஒரு ஸ்மைலி போட்டால் அடங்காது. நான்கு பைட்டு வகை, பெயரின் முடிவில் எம்.பி.-4 என்று இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக வருகிறது. பழைய சர்வரில் வேலை செய்கிறவர்கள் முதல் நாளே ஒரு தமிழ்ப் பெயரைச் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், யாரோ பைட்டு நடுவில் கத்தி வைத்திருக்கிறார்கள். பி.எச்.பி.யில் பைட்டு கணக்கில் வெட்டும் கட்டளையால் தலைப்பைச் சுருக்கினால் இப்படி ஆகும். புள்ளிவட்டத்தின்மேல் தனியாக ஒரு கொக்கி தொங்கினால், எண்களின் நடுவில் வெட்டியதால் மெய்யிலிருந்து பிரிந்த குறி அது. தமிழ் என்பதை நான்காவது எண்ணோடு வெட்டினால் தமிழ என்று நிற்கும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் தப்பு. நாம் எழுத்து என்று நினைக்கிற அளவில் வெட்ட, ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டல் செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றுக்கொண்டதால் இப்போது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் ஓடும். அதைக் கொண்டு எண்ணினால் தமிழ் மூன்றே எழுத்து.

எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து தாங்கும். தமிழ் வந்தால் 70 எண்தான். அந்த எழுபதில் சௌகார்பேட்டை மட்டும் பன்னிரண்டைத் தின்றுவிடும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கடைகளுக்குக் காசு எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

புழல் முதலா, புளியந்தோப்பு முதலா

வரிசைப்படுத்துவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரசைவாக்கம், புழல், புளியந்தோப்பு என்பதுதான் அகராதி வரிசை, ய ர ல வ ழ ள என்று படித்தோமே. ஆனால் யூனிகோடு எண்ணில் ள 2995, ழ 2996. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் புளியந்தோப்பு முந்திக்கொள்ளும், புழல் பின்னால் போகும். இதுவும் இஸ்கியின் பொது அமைப்பால் வந்தது. இந்திய எழுத்துகளை எல்லாம் ஒரே சட்டத்தில் பொருத்தியதில் நம் சிறப்பெழுத்துகள் ற, ழ, ன எல்லாம் பக்கத்து எழுத்தின் வால்போல உட்கார்ந்துவிட்டன. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலியாகவே கிடக்கிறது, இந்தியில் இருக்கும் மற்ற மூன்று ககரங்களுக்கான இருக்கைகள் அவை. வரிசைப்படுத்தும்போது மொழி தமிழ் என்று நிரலுக்குச் சொல்லிவிட்டால் அது தமிழ் வரிசைக்கு வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் கொலேட்டர் என்பது அதற்குத்தான்.

பெயரில் என்ன தப்பு?

இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ராயபுரத்தில் இருக்கும் என் சித்தி ஒரு இணையப் படிவத்தில் தன் பெயரைத் தமிழில் நிரப்பினார். "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்" என்று சிவப்பில் வந்தது. திரும்ப அடித்தார், திரும்ப சிவப்பு. தன் பெயரையே தப்பாக எழுதுகிறோமோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "எம் பேர்ல இன்னாப்பா தப்பு?" என்று கேட்டார்.

அவர் பெயரில் ஒரு கொம்பும் ஒரு புள்ளியும் இருந்தது. யூனிகோடு ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வகை சொல்கிறது. க, த, ம எல்லாம் எழுத்து வகை. கொக்கி, கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாம் குறி என்ற இன்னொரு வகை. படிவத்தைச் செய்தவர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் தமிழில் அகரமேறிய எழுத்தும் தனி உயிரும் ஆய்தமும் மட்டும்தான் தேறும். கமல என்று பெயர் இருந்தால் உள்ளே விடும், கமலா என்றால் விடாது. குறி வகையையும் அனுமதியுங்கள். வடிகட்டியில் இரண்டு மூன்று எழுத்து சேர்க்கிற வேலை அது. பெயரை அப்படிச் சோதிக்கவே தேவையில்லை என்றுகூட நான் சொல்வேன். யாருடைய பெயரும் எப்படி இருக்க வேண்டும் என்று படிவம் முடிவு செய்யக் கூடாது.

உங்கள் தளத்தைச் சோதிக்கும்போது டெஸ்ட், டெஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடிப்பதை விட்டுவிட்டு நம் ஊர்ப் பெயர்களை அடியுங்கள். சௌகார்பேட்டையில் ஔகாரம் மாட்டும். கொருக்குப்பேட்டையில் ஒகரம் மாட்டும். புழலையும் புளியந்தோப்பையும் சேர்த்துப் போட்டால் வரிசை மாட்டும். திருவொற்றியூரை நடுவில் வெட்டிப் பாருங்கள். கூடவே ஸ்ரீயில் தொடங்கும் ஒரு கடைப் பெயர். ஐந்து நிமிட வேலை. ஆங்கிலப் பெயர்களை மட்டும் அடித்துச் சோதித்தால் இவற்றில் ஒன்றுகூட அகப்படாது.

தேடலுக்கான நகலைச் சேர்த்த அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். அக்கா பெட்டியில் சௌகார்பேட்டை என்று அடித்தார், அவருடைய பழைய வழக்கப்படியே, கொம்பு, ச, ள. 43 கடை வந்தது. விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார், நோட்டோடு சரியாக இருந்தது. அப்புறம் இரண்டு சௌ-வுக்கும் என்ன வித்தியாசம் என்று விடாமல் கேட்டார். கன்சோலைத் திறந்து 12, 13 இரண்டையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இருபது வருஷமா ள போட்டுட்டு இருக்கேன் தம்பி" என்றார். விசைப்பலகையில் ஔகாரச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டார். தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் சௌ, கௌ, மௌ, வௌ என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் அந்தச் சாவியைக் குறித்து, மானிட்டரின் ஓரத்தில் செலோடேப் போட்டு ஒட்டினார்.